பொத்தென்று ஒலித்த கட்டை

ஜூலை பிறந்தால் எங்கள் தாராவி வீட்டில் பூசணத்தோடு சண்டை தொடங்கிவிடும். தோல் பெல்ட்டில் பச்சையாக வரும், அலமாரியின் பின்பலகையில் சாம்பலாக வரும். நாற்பது வருடம் தச்சு வேலை பார்த்த அப்பா, மண்ணெண்ணெய் நனைத்த துணியோடு மூலை மூலையாகத் துடைத்துக்கொண்டிருப்பார். அவரிடம் போய், போரிவிலி காட்டில் மரக்கட்டையில் முளைக்கும் காளான்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன்.

"ஏலே, டிக்கெட் எடுத்துப் பூசணம் பார்க்கவா?" என்றார். ஆனால் சனிக்கிழமை இரவே தன் குடையைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டார்.

மாஹிமில் ஏறி போரிவிலியில் இறங்கினோம். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் பரப்பு 100 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நகரத்துக்குக் குடிநீர் தரும் விஹார், துளசி ஏரிகள் இதற்குள்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முழுவதும் கன்ஹேரி குகைகளுக்குப் போனது. நாங்கள் ஒரு வழிகாட்டியோடு ஷிலோண்டா பாதையில் நடந்தோம். சிறுத்தை வருமா என்று அப்பா மூன்று முறை கேட்டார். வரவில்லை. கொசு வந்தது.

முதல் கட்டை ஓர் இலவ மரம். சாய்ந்து இரண்டு மழைக்காலமாவது ஆகியிருக்கும். அதன் முதுகு முழுவதும் பழுப்பு நிறத்தில் காதுகள் தொங்கின. காது என்றால் காதேதான்: மடல், நரம்பு, தொட்டால் குளிர்ந்த ஜவ்வு. சீனச் சமையலில் சூப்பில் போடும் மரக்காதுக் காளான் இந்த இனம்தான். பக்கத்தில் விசிறிபோல வெள்ளையாகச் சின்னச் சின்னக் காளான்கள். அடிப்புறச் செதில்கள் ஒவ்வொன்றும் நடுவில் பிளந்திருந்தன. வெயிலில் அந்தப் பிளவுகள் சுருண்டு மூடிக்கொள்ளும், மழை பட்டால் மறுபடி விரியும். மணிப்பூரில் இதைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். "நீங்கள் சாப்பிட வேண்டாம்" என்று வழிகாட்டி உடனே சேர்த்துக்கொண்டார். என் முகத்தில் என்ன கண்டாரோ.

காளானுக்கு மராத்தியில் அளம்பி என்று பெயர். குடைக்காளானைக் 'குத்ர்யாச்சி சத்ரி' என்றும் சொல்வார்கள் என்றார் அவர். நாயின் குடை! மும்பைக்கு வந்து இத்தனை வருடத்தில் மராத்தியோடு அப்பா இவ்வளவு மனதார ஒத்துப்போனதை நான் பார்த்ததில்லை.

இலவைத் தாவரவியலில் வன்மரம் என்பார்கள் என்று நான் சொன்னபோதுதான் வம்பு வந்தது. அப்பா நகத்தால் கட்டையைக் குத்திக் காட்டினார். நகம் உள்ளே போனது. "இதுவா வன்மரம்? தீக்குச்சிக்குப் போகிற மரம்!" அகன்ற இலை கொண்ட பூக்கும் மரம் எல்லாமே அந்தக் கணக்கில் வன்மரம், பைன் போன்ற ஊசியிலை மரங்கள் மென்மரம், கெட்டிக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை என்றேன். "அப்படிப் பெயர் வைத்தவன் உளி பிடித்திருக்க மாட்டான்" என்று முடித்துவிட்டார். அவர் பக்கம்தான் நியாயம் என்று இன்றும் நினைக்கிறேன்.

அடுத்தது தேக்கு. அப்பா குனிந்து விரல் மடக்கித் தட்டினார். ஓரத்தில் பொத்தென்றது, நடுவில் டங்கென்றது. வெளிப்புற வெள்ளையைப் பூஞ்சை தின்றிருந்தது, நடுவில் இருக்கும் கெட்டியான வைரத்தை இன்னும் தொடவில்லை. தேக்கின் வைரத்தில் ஊறியிருக்கும் இயற்கை வேதிப்பொருள்கள் பூஞ்சைக்கு ஆகாதவை. அழுகிய பகுதி வெளுத்து, நார் நாராக, பஞ்சுபோலப் பிரிந்து வந்தது. மரத்தில் செல்லுலோஸ் நார்களை இறுக்கிப் பிடித்திருப்பது லிக்னின். வெண்ணழுகல் பூஞ்சைகள் நொதிகளைச் சுரந்து அந்த லிக்னினையே கரைத்துவிடும். இன்னொரு வகை லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிட்டுச் செல்லுலோஸை மட்டும் தின்னும், மிச்சம் பழுப்பாக நிற்கும். நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பா, "சதுரம் சதுரமாக வெடித்து, நசுக்கினால் பொடியாகுமே, குளியலறைக் கதவின் கால்போல. அதுதானே?" என்றார். அதுதான். நாம் பார்க்கும் காளான் வெறும் காய். தின்னும் உடம்பு கண்ணுக்கு எட்டாத இழைகளாகக் கட்டைக்குள் ஓடுகிறது.

உடைந்திருந்த ஒரு முனையில் பேனாவால் கிறுக்கியதுபோலக் கறுப்புக் கோடுகள் வளைந்து வளைந்து போயின. அப்பா அங்கேயே நின்றுவிட்டார். இப்படிக் கோடு விழுந்த பலகைகளை மரக்கடைக்கு எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறாராம். ஒரே கட்டையில் குடியேறிய பூஞ்சைகள் ஒன்றையொன்று உள்ளே விடாமல் கட்டிக்கொள்ளும் எல்லைச் சுவர் அது. வெளிநாட்டில் கடைசல் வேலை செய்பவர்கள் இந்தக் கோடுகளுக்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்று சொன்னேன். "கூடுதலா?" என்றார். சற்று நடந்து, "எவ்வளவு கூடுதல்?" என்றார்.

கையகலத் துண்டு ஒன்றை அவர் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது வழிகாட்டி தொண்டையைக் கனைத்தார். காட்டிலிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாது. அப்பா அதைக் கிடந்த இடத்திலேயே, கோடுகள் மேலே தெரியும்படி வைத்துவிட்டு வந்தார்.

வீடு திரும்பியதும் ஈரச் சட்டையைக்கூட மாற்றவில்லை. சமையலறைக்குள் போய், குழாய்க்குப் பக்கத்துப் பலகையைத் தட்டினார். பொத்தென்றது. இன்னொரு முறை தட்டினார். பிறகு அம்மாவிடம் மண்ணெண்ணெய்த் துணிக்குப் பதிலாகத் திருப்புளியைக் கேட்டார்.