கொரோலாவும் 400ஆம் நெடுஞ்சாலையும்

டொராண்டோவில் இருந்துகொண்டு, வடக்கே 400ஆம் நெடுஞ்சாலை வழியாகப் போகும் பேரி நகரில் வேலை என்றதும் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “ஃபோர் வீல் டிரைவ் வாங்கிடு.” நான் வாங்கவில்லை. இருக்கிற கொரோலா காருக்கு நாலு விண்டர் டயர் போட்டேன். ஃபோர் வீல் டிரைவ் ஸ்னோவில் வண்டியைக் கிளப்ப உதவும். நிறுத்துவதற்கு எந்த வண்டியானாலும் டயரைத்தான் நம்ப வேண்டும்.

ஆல் சீசன் டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கிவிடும். விண்டர் டயர் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். பக்கவாட்டில் மலைச்சிகரமும் அதற்குள் ஒரு ஸ்னோஃப்ளேக் (பனித்துகள்) வடிவமும் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முன்னால் மட்டும் இரண்டு போட்டுக் காசு மிச்சம் பிடிக்கிற யோசனை வேண்டாம், வளைவில் பின்பக்கம் வீசிக்கொண்டு போகும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் போடுவது சட்டம். எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் கட்டாயமில்லை. ஆனால் இன்சூரன்ஸில் தள்ளுபடி உண்டு, மறக்காமல் கேளுங்கள்.

அப்புறம் பழக்கம். லாரி ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணன், ஸ்னோ கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்தவருடைய கம்பெனியின் காலி பார்க்கிங்குக்கு அழைத்துப் போனார். “பிரேக்கை ஓங்கி மிதி” என்றார். மிதித்தேன். காலுக்கடியில் பெடல் கடகடவென்று உதைத்தது. பயந்து காலை எடுக்கப் போனால், “எடுக்காதே, சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கிற ஏபிஎஸ் அப்படித்தான் உதைக்கும், அழுத்திக்கிட்டே இரு” என்று அதட்டினார். அடுத்தது திருப்பம். ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகவே வழுக்கிப் போகும். அப்போது இன்னும் திருப்பக் கூடாது. ஆக்சிலரேட்டரை விட்டு, திருப்பத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் டயர் மறுபடி பிடிப்பது கையிலேயே தெரிகிறது. புத்தகத்தில் படித்திருந்தால் இது எனக்கு ஏறியிருக்காது.

400இல் பெரிய ஆபத்து ஸ்னோ ஸ்குவால். ஹியூரான் ஏரியின் பகுதியான ஜார்ஜியன் விரிகுடாவின் உறையாத நீர்மேல் வரும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிவந்து குறுகலான பட்டையாகக் கொட்டும். இங்கே பளிச்சென்று வெயில், இரண்டு கிலோமீட்டரில் முன்னால் போகும் வண்டியே தெரியாது. ஜனவரியில் அப்படி மாட்டியபோது ஹை பீமை அணைத்தேன் (அந்த வெளிச்சம் ஸ்னோவில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும்). வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, இன்னிஸ்ஃபில் எக்ஸிட்டில் இறங்கி, காப்பிக் கடையில் உட்கார்ந்துவிட்டேன். வேலைக்குத் தாமதம்தான். ஆகட்டுமே! நீல விளக்கு மின்ன, லேன்களை அடைத்துச் சாய்வரிசையாக ஸ்னோவை வழித்துக்கொண்டு போகும் பிளவ் வண்டிகளை முந்தத் துடிப்பவர்களை இன்றுவரை எனக்குப் புரியவில்லை. வழித்த ரோடு அவற்றுக்குப் பின்னால்தானே இருக்கிறது?

பிளாக் ஐஸ், அதாவது ரோட்டின் மேல் மெல்லிசாக உறைந்த ஐஸ், கண்ணுக்குத் தெரியாது. ரோடு ஈரமாக மின்னுகிறது, ஆனால் முன் வண்டியின் டயரிலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால் அது ஐஸாக இருக்கலாம். பாலங்களுக்கு அடியிலும் குளிர்காற்று போவதால் அவைதான் முதலில் உறையும். மைனஸ் 12க்குக் கீழே, ஐஸை உருக்க ரோட்டில் தூவும் உப்பையும் பெரிதாக நம்ப முடியாது.

விண்டர் டயரைத் தனி ஸ்டீல் ரிம்மில் போட்டு வைத்தால் மாற்றும் கூலி குறையும். கராஜில் அப்பாயின்ட்மென்ட்டை அக்டோபரிலேயே வாங்கிவிடுங்கள். முதல் ஸ்னோ விழுந்த பிறகு கூப்பிட்டால் ஃபோனைக்கூட எடுக்க மாட்டார்கள்.