தட்டிவிட முடியாதவர்களின் படுக்கை

ஜூன் 4

மழை பிடித்துக்கொண்டால் எறும்பு உள்ளே வரும். மண்ணில் தண்ணீர் இறங்கியதும் முட்டை, புழு எல்லாவற்றையும் வாயில் கவ்விக்கொண்டு காய்ந்த இடம் தேடிக் கிளம்பிவிடும். அது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இந்த முறை எறும்புச் சாரை போன இடம்தான் என்னை உட்கார்ந்து எழுத வைக்கிறது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து இடது பக்கம் அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. மூக்கு வழியாகப் போட்ட குழாயில்தான் ஆகாரம். இன்று விடியற்காலையில் டார்ச் அடித்துப் பார்த்தபோது ஜன்னல் சட்டத்தின் விரிசலிலிருந்து ஒரு சாரை இறங்கி, சுவரோரமாக வந்து, சுவரை ஒட்டிக் கிடந்த போர்வை நுனியில் ஏறி, தலையணை வழியாகக் குழாயின் மூடிவரை போயிருந்தது. மூடியின் வரிப்பள்ளத்தில் ஒரு துளி ஆகாரம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைச் சுற்றித் தலையை உள்ளே நுழைத்தபடி நெருக்கியடித்து நின்றன. திரும்பிப் போகிறவை ஒவ்வொன்றும் வயிற்று நுனியைத் தரையில் தொட்டுத் தொட்டு நடந்தன. அதுதான் வாசனைக் கோடு. பின்னால் வருகிறவற்றுக்கு வழிகாட்டி.

சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் அந்தக் கோட்டை ஒரு சாண் அளவுக்குத் துடைத்தேன். வந்த எறும்புகள் துடைத்த இடத்தின் விளிம்பில் நின்று, உணர்கொம்பை ஆட்டி ஆட்டி, வட்டமடிக்க ஆரம்பித்தன. வெறும் தண்ணீரில் துடைத்தால் கோடு முழுசாகப் போகாது, சோப்பு வேண்டும்.

அப்பாவின் கழுத்து மடிப்பில் சில சிவப்புப் பொட்டுகள். வலிக்கிறதா என்றேன். வலது பக்கம் இருந்ததை மட்டும் கையால் தொட்டுக் காட்டினார். இடது பக்கம் கடித்ததே அவருக்குத் தெரியவில்லை.

ஜூன் 5

எறும்பு ஆபத்தா என்று கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும். நடமாடும் மனிதருக்குப் பெரும்பாலும் தொந்தரவு மட்டும்தான். உறைத்தால் தட்டிவிடுவார், சொறிந்துகொள்வார், மறந்துவிடுவார். கைக்குழந்தை, படுத்த படுக்கையாக இருப்பவர், சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவர், மயக்க மருந்தில் இருப்பவர் – இவர்களால் தட்டிவிட முடியாது. ஒரு கடி பத்தாகும், பத்து நூறாகும்.

கிருமி விஷயமும் அப்படித்தான். சாக்கடை, குப்பைக்கூடை, செத்த பல்லி எல்லாவற்றின் மேலும் நடந்த காலோடுதான் எறும்பு நம் தட்டுக்கு வருகிறது. காலிலும் உடம்பிலும் பாக்டீரியா ஒட்டிக்கொண்டு வரும், உண்மைதான். ஆனால் ஈயோடும் கரப்பானோடும் பார்த்தால், ஆரோக்கியமான ஆளுக்கு எறும்பால் வயிறு கெடும் வாய்ப்பு குறைவு. சர்க்கரை டப்பாவில் எறும்பைப் பார்த்துப் பதறுவதில் அர்த்தமில்லை. மருத்துவமனையில், திறந்த புண்ணில், குழாய் போட்ட உடம்பில் கணக்கே வேறு.

ஃபாரோ எறும்பு என்று ஒன்று இருக்கிறது. சுமார் 2 மில்லிமீட்டர் நீளம், வெளிர் மஞ்சள் நிறம், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். உலகம் முழுக்கச் சூடான கட்டடங்களுக்குள் குடியேறிவிட்ட இனம். மருத்துவமனைகளில் கட்டுத்துணிக்குள், சொட்டு மருந்துக் குழாய்க்குள், நோயாளியின் புண்ணுக்குள்ளேயே இதைக் கண்டிருக்கிறார்கள். 1972-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, மருத்துவமனைகளில் திரிந்த இந்த எறும்புகளிடம் சால்மோனெல்லா, ஸ்டெஃபைலோகாக்கஸ், சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் இருந்ததைச் சொன்னது. ஈரமும் புரதமும் இதற்குப் பிடிக்கும். சீழ் வைத்த புண்ணில் இரண்டும் உண்டு.

அப்பாவுக்கு இடுப்பெலும்பின் மேல் ஆறிவரும் படுக்கைப் புண் இருக்கிறது. இனி கட்டு மாற்றியதும் பழைய பஞ்சை அறைக் கூடையில் போடுவதில்லை. பையில் போட்டு முடிச்சுப் போட்டு உடனே வெளியே கொண்டுபோக வேண்டும்.

ஜூன் 7

தெரிந்தவர் ஒருவர் எறும்புச் சாக்பீஸ் கொண்டுவந்தார். கட்டிலைச் சுற்றி ஒரு கோடு போட்டால் போதும் என்றார். அக்கறையோடுதான் சொன்னார். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தச் சாக்பீஸில் பெரும்பாலும் இருப்பது டெல்டாமெத்ரின் அல்லது சைபர்மெத்ரின். இரண்டும் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள். பார்வைக்குப் பள்ளிக்கூடச் சாக்பீஸ் மாதிரியே இருப்பதுதான் கொடுமை. குழந்தை எடுத்தால் சுவரில் கிறுக்கும், அப்புறம் வாயில் வைக்கும். வாந்தி, வயிற்றுவலி, அதிகம் போனால் வலிப்புகூட வரலாம். அமெரிக்காவில் இதை விற்பதே சட்டவிரோதம். கோடு போட்ட தூள் காற்றில் பறக்கும், துடைப்பத்தில் ஒட்டும், போர்வை நுனியில் ஏறும். நெஞ்சுச் சளியோடு மூச்சு வாங்கும் மனிதரைச் சுற்றி அதைப் போடுவதா?

ஸ்ப்ரேயும் வேண்டாம் என்று முடிவு. மூடிய அறையில் அடித்தால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத்திணறல் வரலாம். இன்னொரு காரணமும் உண்டு. ஃபாரோ எறும்புக் கூட்டில் ராணி ஒன்றல்ல, பல. மருந்து பட்டுக் கலைந்தால் கூடு துண்டு துண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டும் தனிக்கூடாக வளர ஆரம்பிக்கும். ஓர் அறையில் இருந்தது மூன்று அறைக்குப் போகும். கண்ணில் படுகிற எறும்பு இரை தேட வந்தது மட்டும்தான். கூட்டின் பெரும்பகுதி சுவருக்குள் பத்திரமாக இருக்கும்.

ஜூன் 9

கட்டிலை இழுத்துப் போட்டாயிற்று. சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் இடைவெளி. போர்வையும் கொசுவலையும் தரையைத் தொடக்கூடாது. எல்லாம் தொங்காமல் உள்ளே செருகியாயிற்று. நான்கு கால்களுக்கும் கீழே அகலமான கிண்ணம், அதில் தண்ணீர், ஒரு சொட்டு சோப்புக் கரைசல்.

சோப்பு எதற்கென்றால், எறும்பு எடையே இல்லாத பிராணி, சும்மா தண்ணீரின் மேல் மிதந்துகொண்டே கரை சேர்ந்துவிடும். சோப்பு கலந்தால் மேற்பரப்பு தாங்காது, மூழ்கிவிடும். தூசி படர்ந்து ஏடு கட்டினால் அதுவே பாலமாகிவிடும் என்பதால் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தேங்கவிட்டால் கொசுவும் முட்டையிடும்.

கிண்ணம் வைத்தபின் பார்த்தால் ஒரே ஒரு வழி மிச்சம்: சிறுநீர்ப் பையின் குழாய். கொக்கியில் மாட்டிய பை, தரையில் உரசிக்கொண்டிருந்தது. தூக்கிக் கட்டினேன். இந்தக் குழாயை யாரும் யோசிப்பதே இல்லை.

ஜூன் 10

இரை வைத்தேன். சர்க்கரைத் தண்ணீரில் ஒரு சதவீதம் அளவுக்குப் போரிக் ஆசிட். அதிகம் போட்டால் வேகமாகக் கொல்லும் என்று கை தாராளமாகப் போக வேண்டாம். வழியிலேயே செத்தால் கூட்டுக்குள் எதுவும் போய்ச் சேராது. தின்ற எறும்பு உயிரோடு திரும்பி, வாய்க்கு வாய் ஊட்டி, புழுவுக்கும் ராணிக்கும் கொடுக்க வேண்டும். அதற்கு நாளாகும். முதலில் கூட்டம் அதிகமாகும். அப்போது நசுக்காமல், துடைக்காமல் பொறுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் கஷ்டம்.

போரிக் ஆசிடும் விஷம்தான். மூடியில் சின்னத் துளை போட்ட டப்பாவுக்குள் வைத்து, ஜன்னல் விரிசலுக்குப் பக்கத்தில், குழந்தையின் கைக்கும் வளர்ப்புப் பிராணியின் வாய்க்கும் எட்டாத உயரத்தில் ஒட்டியிருக்கிறேன். டப்பா மேல் பெரிய எழுத்தில் விஷம் என்று எழுதியாயிற்று.

ஜூன் 13

அக்கா கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். பின்வாசலில் துணி காயப்போடப் போனவள் அலறினாள். வாசற்படி ஓரத்தில் தூளான மண் குவிந்திருந்தது, அதில் கால் வைத்துவிட்டாள். செம்பழுப்பு நிறம், ஒரே கூட்டத்தில் சின்னதும் பெரியதுமாக. நெருப்பெறும்பு.

இது மற்ற எறும்பு மாதிரி கடித்துவிட்டு ஓடுகிற ரகம் இல்லை. தாடையால் தோலைப் பிடித்துக்கொண்டு, வாலில் உள்ள கொடுக்கால் கொட்டும். பிடியை விடாமல் உடம்பை நகர்த்தி நகர்த்தி வட்டமாகப் பல முறை கொட்டும். கட்டெறும்பு கடித்த கடுகடுப்பு கொஞ்ச நேரத்தில் அடங்கும். இது ஒரு நாளுக்குள் வெள்ளைத் தலை வைத்த கொப்புளமாகும். அதில் இருப்பது சீழ் மாதிரி தெரியும், ஆனால் கிருமியால் வந்ததல்ல, விஷத்தால் செத்த திசு. கிள்ளி உடைத்தால்தான் கிருமி உள்ளே போகும்.

அக்காவின் காலை உதறவிடவில்லை. பிடித்துத் தொங்கும் எறும்பு உதறினால் விழாது, துணியால் வழித்து எடுத்தோம். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம். அப்புறம் அரை மணி நேரம் அவளைத் தனியாக விடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கொட்டிய இடம் வீங்குவது பரவாயில்லை. கொட்டாத இடத்தில் தடிப்பு, உதடோ நாக்கோ வீங்குவது, குரல் கம்முவது, மூச்சுத்திணறல், தலைசுற்றல், வாந்தி – இவற்றில் ஒன்று வந்தாலும் ஒவ்வாமை உடம்பு முழுக்கப் பரவுகிறது என்று பொருள். மாத்திரை தேடிக்கொண்டு நிற்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. விஷத்தின் பெரும்பகுதி எரிச்சல் தரும் ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருள்தான், ஆனால் அதில் மிகச் சிறிய அளவில் இருக்கும் புரதம்தான் இந்த ஒவ்வாமையைக் கிளப்புகிறது. நல்லவேளை, அவளுக்கு எரிச்சலோடு போயிற்று.

அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் படுத்திருந்தவர்களை நெருப்பெறும்புகள் கூட்டமாகக் கொட்டிய சம்பவங்களை 1990களிலேயே மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. வீட்டுக்குள், கட்டிலில் படுத்திருந்தவர்களை. எனக்கு இதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. குழந்தையைத் தரையில் விரிப்பில் போடுவதை அக்கா நிறுத்திவிட்டாள். தொட்டில், அதன் கால்களுக்கும் கிண்ணம். பால் குடித்ததும் வாயோரம், கழுத்து மடிப்பு இரண்டையும் ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் தூங்க வைக்கிறாள்.

ஜூன் 16

பெரியப்பா போனில் பேசினார். குளியலறையில் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கிறதாம்.

“எனக்கு சுகர் ஏறிடுச்சோ என்னமோப்பா.”

“புதுசா மாத்திரை ஏதாவது குடுத்தாங்களா பெரியப்பா?”

கொடுத்திருக்கிறார்கள். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் வகை மாத்திரை. அதைச் சாப்பிட்டால் சிறுநீரில் சர்க்கரை இருக்கத்தான் செய்யும், மாத்திரையின் வேலையே அது. அதைச் சொன்னதும் அவர் குரலில் நிம்மதி தெரிந்தது. இருந்தாலும் ரத்தப் பரிசோதனை பண்ணிக்கொள்ளுங்கள் என்றேன்.

மாத்திரை எடுக்காதவருக்கு இது வேறு கதை. ரத்தச் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் சிறுநீரகம் சர்க்கரையை வெளியே விடும். எறும்பு மொய்த்தால் பரிசோதனைக்குப் போவது சரி. மொய்க்கவில்லை என்பதால் சர்க்கரை இல்லை என்று இருந்துவிடுவது தப்பு. யூரியாவுக்காகவும் எறும்பு வரும். கால் மரத்துப்போயிருக்கிற பெரியப்பா மாதிரி ஆட்கள் ராத்திரி படுக்கும் முன் பாதத்தை, விரலிடுக்கைக் கண்ணால் பார்க்க வேண்டும். செருப்பை உதறிவிட்டுப் போட வேண்டும். கடி தெரியாது, சொறிவது தெரியாது, புண் ஆன பிறகுதான் தெரியும்.

ஜூன் 18

அக்கா கேட்டாள், காதுக்குள் எறும்பு போனால் என்ன செய்வது என்று. பட்ஸ், குச்சி, ஊக்கு எதுவும் கூடாது. உள்ளே தள்ளிவிடும், செவிப்பறையில் கீறும். காதைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்துப் பார்க்கலாம். வரவில்லையென்றால், செவிப்பறையில் ஓட்டையோ சீழோ இல்லாதவருக்கு வெதுவெதுப்பான எண்ணெய் சில சொட்டு விடலாம். பூச்சி மூச்சடைத்துச் செத்துவிடும், குடைச்சல் நிற்கும். ஓட்டை இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் எதையும் ஊற்றக்கூடாது, காது மருத்துவரிடம் போக வேண்டும்.

ஜூன் 21

ஜன்னல் விரிசலில் நடமாட்டம் நின்றுவிட்டது. சிலிகான் பசையால் அடைத்தேன். இரை வேலை முடிவதற்கு முன்னால் அடைத்தால் கூடு வேறு பக்கம் வாய் திறக்கும் என்பதால்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன்.

நாளை முதல் இரவுக்கு ஒரு பணியாளர் வருகிறார். அவருக்காக எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருப்பது: ஆகாரம் கொடுத்ததும் குழாய் மூடியை ஈரத்துணியால் துடைக்கவும். சிந்தியது துளியானாலும் உடனே சோப்புத் தண்ணீர். கிண்ணத் தண்ணீர் மாலையில் மாற்றவும். பக்கம் திருப்பிப் படுக்க வைக்கும்போதெல்லாம் டார்ச் அடித்து இடது கை இடுக்கு, காதுக்குப் பின்னால், கட்டின் ஓரம், குழாய் நுழையும் இடம் எல்லாம் பார்க்கவும். சிவப்புப் பொட்டு ஒன்று தெரிந்தாலும் என்னை எழுப்பவும், எந்த நேரமானாலும் சரி.