இரவிலும் விழித்திருக்கும் கட்டடம்

அலுவலகமாக இருந்த நான்கு மாடிக் கட்டடம் ஒன்றை பஸ்களை இயக்கும் ஊழியர்களின் பணி மையமாக மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. நாலு சுவரை இடித்து நாலு சுவரை எழுப்பினால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். பயன்பாட்டு மாற்ற அனுமதிக்கு அலைந்த கதை தனிப் புராணம், அதை விட்டுவிடுகிறேன்.

முதல் அடி பேட்டரியில் விழுந்தது. பஸ் ஓட்டத்தைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு அறை மூன்றாம் மாடியில் இருந்ததால், மின்சாரம் போனால் கைகொடுக்கும் அதன் யுபிஎஸ் பேட்டரிகளையும் பக்கத்து அறையிலேயே வரைந்து வைத்திருந்தேன். கட்டமைப்புப் பொறியாளர் பழைய கணக்கைப் புரட்டினார். மேசை, நாற்காலி, மனிதர்கள் என்று சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ தாங்கும்படி போட்ட தளம் அது. ஈய அமில பேட்டரிகளை அடுக்கினால் அதே ஒரு சதுர மீட்டரில் ஒரு டன்னைத் தாண்டிவிடும். போதாததற்கு, மின்னேற்றும்போது அவை ஹைட்ரஜனை வெளிவிடும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். சன்னலே திறக்காத அறையில் அதையா வைப்பது? பேட்டரிகள் தரைத்தளத்துக்கு இறங்கின, தனி வெளியேற்று விசிறியோடு. கேபிள் நீண்டது, செலவும் நீண்டது.

ஓய்வறை விஷயத்தில் என் கண்ணைத் திறந்தவர் ஒரு மூத்த டிரைவர். விடியற்காலையில் வண்டி எடுத்து, முற்பகலில் விட்டு, மாலையில் மறுபடி எடுப்பவர்களுக்கு இடைப்பட்ட தூக்கம் முக்கியம். கட்டில்கூட வராத அறையில் அவர் துண்டை விரித்துப் படுத்தார். ஐந்து நிமிடம் பேச்சே இல்லை. பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்து, "சார், இதற்குப் பின்னால் என்ன ஓடுகிறது?" என்றார். லிஃப்ட்! நானும் கை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறை லிஃப்ட் நின்றபோதும் சுவர் அதிர்ந்தது. "உங்களை முதலிலேயே கூப்பிட்டிருக்க வேண்டும், அண்ணே" என்று சொல்லிவிட்டு, ஓய்வறையைக் கட்டடத்தின் பின்பக்கத்துக்கு மாற்றினேன். அங்கிருந்த லாக்கர்கள் லிஃப்ட் பக்கம் வந்தன.

கழிப்பறையிலும் அலுவலகக் கணக்கு உதவவில்லை. அலுவலகத்தில் நாள் முழுவதும் ஒவ்வொருவராகப் போவார்கள். இங்கே ஷிஃப்ட் மாறும் இருபது நிமிடத்தில் எல்லோரும் வருவார்கள். பெண் கண்டக்டர்களுக்கு உடைமாற்றும் அறையும் முதல் வரைபடத்தில் இல்லை. அது முழுக்க என் தவறு.

எல்லாம் முடிந்தது என்று சோதனை ஓட்டம் வைத்தோம். மாலை ஏழு மணிக்குக் குளிர்சாதனம் தானாக நின்றது. கட்டுப்பாட்டு அறையில் திரைகள் கொதிக்க, மேற்பார்வையாளர்கள் வியர்வையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார்கள். பழைய அலுவலகம் ஏழு மணிக்குப் பூட்டப்படும். அந்த நேரம், எல்லாவற்றையும் நேரம் பார்த்து அணைக்கும் தானியங்கிப் பெட்டிக்குள் அப்படியே பதிந்திருந்தது. அதைத் திறக்கும் கடவுச்சொல் யாரிடமும் இல்லை. கடைசியில் கட்டுப்பாட்டு அறைக்கு மட்டும் தனி இயந்திரங்கள் இரண்டு பொருத்தினோம், ஒன்று நின்றால் மற்றது ஓட.

இரண்டாம் மாடி வராந்தாவில் ஒரு விளக்கு மட்டும் இன்னும் ஏழு மணிக்கு அணைகிறது. அதன் ஒயர் எங்கே போகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.