பட்டுப்புடவையும் பஸ் கூரையும்

போன வாரம் ஜாலான் ஈப்போவில் பஸ் ஏறியதுமே மழை பிடித்துக்கொண்டது. கோலாலம்பூரின் சாயங்கால மழை தெரியும்தானே, இடியோடு வந்து கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் போகும். சௌக்கிட் வருவதற்குள் என் தோளில் சொட்டு. ஜன்னலுக்கு மேலே ஒழுகுகிறது. பக்கத்து சீட் அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார், எனக்கு நகரத் தோன்றவில்லை. அன்றைக்குத்தான் கரூரில் பெரியப்பாவுக்கு முப்பதாம் நாள்.

பெரியப்பா மிலிட்டரிக்காரர். ராணுவத்தில் வண்டி பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவு. 1971 போரின்போது பதான்கோட் பக்கம் இருந்தார். சண்டையைப் பற்றிக் கேட்டால் துப்பாக்கிக் கதை வராது, ஜபல்பூரில் தயாரான சக்திமான் லாரியின் கதைதான் வரும். லடாக் குளிரில் டீசல் கூழாகிவிடும், எஞ்சினுக்கு அடியில் நெருப்பு மூட்டி ஆயிலை இளக்கினால்தான் வண்டி கிளம்பும் என்பார்.

பென்ஷனோடு ஊர் திரும்பியவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சேர்ந்தார். கரூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணூரிலிருந்து லேலண்ட் சேஸிஸ் வரும், கதவும் கிடையாது, கூரையும் கிடையாது, டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலிலும் மழையிலும் அப்படியே ஓட்டி வருவார். அதன் மேல்தான் அந்தக் காலத்தில் தேக்குச் சட்டம், அப்புறம் இரும்புக் குழாய், அதற்கு மேல் அலுமினியத் தகடு. சட்டம் நின்றதும் பெரியப்பா மூலைக்கு மூலை அளப்பார். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் வண்டி நேர். ஒரு நூல் தப்பினாலும் பிரிக்கச் சொல்லிவிடுவார். இல்லாவிட்டால் கதவு சாத்தாது, கண்ணாடி விரியும். ரிவெட் அடிக்கும்போது டீ குடித்துக்கொண்டே காதைத் தீட்டி, "அந்த மூணாவது லூசு" என்பார். போய்ப் பார்த்தால் லூசாகத்தான் இருக்கும்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது தண்ணீர்ப் பரீட்சை. வண்டி முடிந்ததும் பெரியம்மாவைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வரச் சொல்வார். கல்யாணத்துக்கு எடுத்த அதே அரக்குப் பட்டு. உள்ளே அவர் ஒவ்வொரு சீட்டாக மாறி மாறி உட்கார, பையன்கள் கூரை மேல் ஏறிக் குடம் குடமாக ஊற்றுவார்கள். புடவையில் ஒரு சொட்டு விழுந்தாலும் வண்டி வெளியே போகாது. "பட்டு நனைஞ்சா எனக்கு வீட்ல சோறு கெடைக்காது, பார்த்து அடிங்கடா" என்று டிங்கர்களிடம் சொல்வார். பெரியம்மாவும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

இங்கே வந்து நான்கு வருஷம். செந்தூலில் வீடு, காசை வெள்ளி என்று சொல்ல வாய் பழகிவிட்டது, தே தாரிக் டீ இல்லாமல் காலை விடிவதில்லை. ஒருமுறை வீடியோ காலில் செந்தூலின் பழைய ரயில்வே பட்டறைக் கட்டடத்தைக் காட்டினேன். அந்தக் காலத்தில் நம் ஆட்கள் நிறையப் பேர் வேலை பார்த்த இடம் என்றேன். "கூரை எப்படிக் கட்டியிருக்கான், கிட்டக் கொண்டு போ" என்றார்.

அவர் போன அன்று என் பாஸ்போர்ட் கையில் இல்லை, பெர்மிட் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். திருச்சிக்கு நான்கு மணி நேர விமானம்தான். பாஸ்போர்ட் இரண்டு வாரம் முன்னாலேயே திரும்பி வந்திருக்க வேண்டியது, நான் கேட்டுக் கேட்டுப் பார்த்தேன், நாளை நாளை என்றார்கள். அது இன்னும் எனக்கு ஆறவில்லை. போனில்தான் பார்த்தேன். அமரர் ஊர்தியின் கதவு சாத்தாமல் திணற, பழைய டிங்கர் ஒருவர் வந்து கீலில் ஒரே தட்டுத் தட்டிச் சாத்தினார்.

மழையில் நனைந்த அன்று இரவு பெரியம்மாவைக் கூப்பிட்டேன். இங்கே பத்து, அங்கே ஏழரை.

"பஸ்ஸுல ஒழுகிருச்சுங்க பெரியம்மா, தோளெல்லாம் நனைஞ்சு போச்சு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"எங்கிருந்து கண்ணு?"

"ஜன்னலுக்கு மேலங்க."

"சொட்டுறது அங்கதான், எறங்குறது அங்க இருக்காது. முன்னாடி எங்கியாவது கூரை ஜாயின்ட்டுல எறங்கி, தகட்டுக்குள்ளயே ஓடி வந்திருக்கும். டிரைவர்கிட்ட சொன்னியா?"

"இல்லைங்க."

"நாளைக்குப் போய்ச் சொல்லு."