விண்டோஸ் 11: பொத்தான்கள் இருந்த இடத்தில் இருக்கின்றனவா?

2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளிவந்தபோது பெரும்பாலானோர் அதன் தோற்றத்தைப் பற்றித்தான் பேசினார்கள். வளைந்த முனைகள், மெல்லிய நிறச்சாயல், புதிய ஐகான்கள் எல்லாமே அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் நாள் முழுவதும் கணினியிலேயே வேலை பார்ப்பவருக்குக் கண்ணைவிடக் கைதான் முக்கியம். நேற்று அழுத்திய பொத்தான் இன்றும் அதே இடத்தில் இருக்க வேண்டும் என்பதே என் முதல் எதிர்பார்ப்பு.

விண்டோஸ் 95 முதல், விண்டோஸ் 8 நீங்கலாக, ஸ்டார்ட் பொத்தான் இடது கீழ்மூலையிலேயே இருந்து வந்தது. மவுஸை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் கர்சர் திரையின் விளிம்பைத் தாண்டாது என்பதால், மூலையில் உள்ள பொத்தானைப் பார்க்காமலேயே அழுத்திவிடலாம். புதிய பதிப்பு அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டது. அதோடு, திரையின் அடியில் உள்ள பட்டையான டாஸ்க்பாரின் ஐகான்கள் அனைத்தும் சேர்ந்து நடுவில் நிற்பதால், இன்னொரு செயலியைத் திறந்ததும் வரிசை முழுவதும் சற்று இடப்பக்கம் நகர்கிறது. ஸ்டார்ட் பொத்தானும் கூடவே நகர்கிறது. அமைப்புகளில் டாஸ்க்பார் ஐகான்களை இடப்பக்கமாக மாற்றிக்கொள்ள முடிகிறது என்பது பெரிய ஆறுதல், அதை உடனே செய்துவிடுமாறு எல்லோரிடமும் சொல்வேன்.

வலது கிளிக் பட்டியலிலும் இதே சிக்கல்தான். வெட்டு, நகலெடு, ஒட்டு ஆகியவை ஒரே வரிசை ஐகான்களாகிவிட்டன. அந்த வரிசையோ, பட்டியல் கர்சருக்கு மேலே விரிகிறதா கீழே விரிகிறதா என்பதைப் பொறுத்து, அடியிலோ உச்சியிலோ வருகிறது. கர்சருக்கு அருகில் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம் புரிகிறது. ஆயினும் ஒவ்வொரு முறையும் தேடிப் பார்க்க வேண்டியிருப்பதால், மிச்சமாகும் தூரத்தைவிட இழக்கும் நேரம் அதிகம் என்றே நினைக்கிறேன்.

கோப்பை டாஸ்க்பாரில் உள்ள செயலிக்கு இழுத்துச் செல்லும் வசதி முதலில் நீக்கப்பட்டு, 2022 புதுப்பிப்பில் திரும்பி வந்தது.

சாளரங்களை அடுக்கும் முறை மட்டும் முழுப் பாராட்டுக்கு உரியது. பெரிதாக்கும் பொத்தானின் மேல் கர்சரை வைத்தால், திரையைப் பங்கிடும் வடிவங்கள் கண்முன் விரிகின்றன. விண்டோஸ் விசையுடன் Z-ஐ அழுத்தினாலும் போதும். மடிக்கணினியிலிருந்து வெளித்திரையைக் கழற்றி மீண்டும் இணைத்தால், அதில் இருந்த சாளரங்கள் தத்தம் பழைய இடத்துக்கே போய் அமர்கின்றன. சாளரங்களுக்குக் காட்டிய இந்த அக்கறையை வலது கிளிக் பட்டியலுக்கும் காட்டியிருந்தால், மேம்படுத்தச் சொல்லி எவரிடமும் தயக்கமின்றிப் பரிந்துரைத்திருப்பேன்.