ரிவால்வர் சேம்பர் நிறைய வெடிமருந்து போட்டாதான் நல்லா சுடும்னு யார் சொன்னது?

கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் 1860 கோல்ட் ஆர்மிங்கிற பழைய காலத்து ரிவால்வரோட இத்தாலி ரெப்ளிகா, அதாவது நகல், ஒண்ணு வாங்கிட்டு வந்து முதல்ல கேட்டதே "அண்ணே, இதுல மேக்ஸிமம் எவ்வளவு பவுடர் கொள்ளும்?"னுதான். டெக்சஸ்ல இதை வாங்குற எல்லாருக்கும் முதல் கேள்வி அதுதான், ஏன்னா மத்த துப்பாக்கில கம்பெனிக்காரன் தோட்டாவுக்குள்ள மருந்தை அளந்து போட்டுக் கொடுத்துடுறான், இதுல சுத்துற சிலிண்டர்ல இருக்குற ஒவ்வொரு குழிக்கும், அதான் சேம்பர், மருந்து, ஈயக் குண்டு, பின்னாடி நெருப்பு பத்த வைக்கிற கேப்புன்னு எல்லாம் நாமளே போடணும், அளவும் நாமதான் முடிவு பண்ணணும். என் கருத்து ஒண்ணே ஒண்ணுதான், எவ்வளவு கொள்ளும்ங்கிறது வேற, எவ்வளவு போடணும்ங்கிறது வேற.

மருந்து அளவு கணக்கு கிரெய்ன்ங்கிற சின்ன அலகுல. 30 கிரெய்ன்னா ரெண்டு கிராம் கூட வராது. .44 காலிபர் 1860 ஆர்மில 35 கிட்ட போட்டு பேரலுக்குக் கீழ இருக்குற லோடிங் லீவரால அழுத்தினா குண்டு சேம்பர் வாயோட ஒட்டி நிக்கும், ஒரு நூல் வெளிய துருத்தினாலும் சிலிண்டர் சுத்தாது. நான் போடுறது 22ல இருந்து 25 வரைக்கும். ரெமிங்டன் 1858 மாடலுக்கு சிலிண்டருக்கு மேல பட்டை இருக்கு, ஃப்ரேம் உறுதி, அதனால பல பேர் 30 போடுவாங்க, போடலாம். .36 நேவிக்கு 15ல இருந்து 20 போதும். இதெல்லாம் அசல் கருமருந்துக்கு, அதுவும் 3எஃப்ங்கிற பொடி ரகத்துக்கு, ஸ்டீல் ஃப்ரேமுக்கு சொல்ற கணக்கு. உங்க துப்பாக்கியோட மேனுவல்ல வேற சொல்லியிருந்தா அதையே கேளுங்க.

"நிறைய போட்டா என்ன ஆகும்"ங்கிறதுக்கு சரித்திரத்துலயே பதில் இருக்கு. 1847ல சாமுவேல் வாக்கர்ங்கிற டெக்சஸ் ரேஞ்சர் சொன்ன யோசனைகளை வச்சு கோல்ட் ஒரு ராட்சச ரிவால்வர் செஞ்சார், கோல்ட் வாக்கர், ரெண்டு கிலோவுக்கு மேல எடை, ஒரு சேம்பர்ல 60 கிரெய்ன் வரைக்கும் கொள்ளும். மெக்சிகோ போர்ல அதுல கணிசமான துப்பாக்கிங்களோட சிலிண்டர் வெடிச்சுப் போச்சு. அந்தக் கால இரும்பு ஒரு காரணம், கூர் குண்டை சிலர் தலைகீழா போட்டது இன்னொரு காரணம், ஆனா அவ்வளவு மருந்துக்கு இடம் கொடுத்ததுதான் அடிப்படை. சுடுற உதைப்புல லோடிங் லீவர் தானா கீழ விழுந்து சிலிண்டரை முட்டிக்கிட்டு நிக்கும், அடுத்த ரவுண்டு சுட முடியாது.  அடுத்து 1848ல வந்த டிராகூன்ங்கிற மாடல்ல கோல்ட் கம்பெனியே சிலிண்டரை சின்னதாக்கி மருந்தை 50 கிரெய்னுக்குக் கொண்டு வந்துட்டாங்க, லீவருக்கு பிடிப்பும் வச்சாங்க.

இன்னைக்கு வர்ற ரெப்ளிகா ஸ்டீல் அதைவிட எவ்வளவோ மேல, வெடிக்குறது அரிது. ஆனா பித்தளை ஃப்ரேம் மாடல்கள் விஷயம் வேற. விலை குறைவுன்னு நிறைய பேர் முதல்ல வாங்குறது அதுதான், "1851 நேவி .44"னு பேர் போட்டு வித்துக்கிட்டு இருப்பாங்க, அசல் 1851 நேவி .36ல மட்டும்தான் வந்துச்சுங்கிறது தனிக்கதை. அதுல தொடர்ந்து கனமா போட்டு சுட்டா சிலிண்டர் பின்பக்கம் இருக்குற பல்லு ஃப்ரேம்ல மோதி மோதி தடம் பதிஞ்சுடும், பேரலைப் பிடிச்சிருக்குற நடு அச்சும் ஆட ஆரம்பிச்சுடும். உடனே தெரியாது, ஒரு நாள் ஆட்டிப் பாத்தா கடகடன்னு இருக்கும். பித்தளைன்னா .44ஆ இருந்தாலும் 20ஐத் தாண்டாதீங்க, அவ்வளவுதான்.

கனமா போட்டா வர்ற இன்னொரு தொல்லையும் உண்டு. கேப் மாட்டுற நிப்பிள் ஓட்டை வழியா வாயு பின்னாடி அடிச்சு கேப்பைக் கிழிச்சுடும், அந்தத் துண்டு சுத்தியலுக்கு முன்னாடி இருக்குற பள்ளத்துல விழுந்து எல்லாம் சிக்கிக்கும். கோல்ட் மாடல்ல இது சர்வ சாதாரணம். மருந்தைக் குறைச்சாலே பாதி சரியாயிடும், மீதி நிப்பிளுக்கு சரியான சைஸ் கேப் பாத்துப் போடுறதுல இருக்கு.

சரி கம்மியா போடுறோம், அப்போ சேம்பர்ல மிச்ச இடம் என்ன ஆகும்? காலியா விடவே கூடாது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவுல காத்து இருக்கக் கூடாதுங்கிறது இந்த வகைத் துப்பாக்கில மீறவே கூடாத விதி. லீவர் எட்டுற வரைக்கும் குண்டை அழுத்தி மருந்து மேல உக்கார வைக்கணும், அழுத்தும்போது சேம்பர் வாயில ஈயம் மெல்லிசா மோதிரம் மாதிரி சீவிக்கிட்டு வந்தா குண்டு இறுக்கமா உக்காந்திருக்குன்னு அர்த்தம், .44க்கு 0.454 இன்ச் குண்டு போட்டா அது நல்லா வரும். லீவர் எட்டலைன்னா நடுவுல இடத்தை நிரப்ப ஏதாவது போடணும், அதுக்குப் பேர் ஃபில்லர். இங்க அமெரிக்கர்கள் சோள மாவோ கிரீம் ஆஃப் வீட்டோ போடுவாங்க, கிரீம் ஆஃப் வீட்டுன்னா வேற ஒண்ணும் இல்ல, நம்ம ரவைதான். நான் இந்தியன் ஸ்டோர் ரவையே போடுறேன், உப்புமாவுக்கு வாங்கினதுல பங்கு போகுதேன்னு வீட்டுல முறைப்பாங்க, அது வேற. முதல்ல மருந்து, மேல ரவை, அதுக்கு மேல குண்டு, கலக்கக் கூடாது. குண்டு சேம்பர் வாய்க்குப் பக்கத்துல வந்துடுறதால பேரலுக்குள்ள நேரா நுழையுது, குறி கொஞ்சம் திருந்துது. ரவைக்குப் பதிலா எண்ணெய் தோய்ச்ச ஃபெல்ட் வட்டம் போட்டாலும் சரி, பக்கத்து சேம்பருக்கு நெருப்பு தாவுறதையும் அது தடுக்கும்.

அளக்குறதுல ரெண்டு விஷயம். மருந்து வச்சிருக்குற ஃபிளாஸ்க்ல இருந்து நேரா சேம்பர்ல கொட்டாதீங்க, உள்ள கனல் மிச்சம் இருந்தா கையில இருக்குற மொத்த ஃபிளாஸ்க்கும் வெடிகுண்டாயிடும், தனி அளவுக் குப்பில எடுத்து ஊத்துங்க. அப்புறம், கருமருந்துக்குப் பதிலா வர்ற பவுடர்களை எடை போட்டு அளக்காதீங்க, கன அளவுதான் கணக்கு. பைரோடெக்ஸ் எடை கம்மி, அதே எடைக்குப் போட்டா ரொம்ப அதிகமாயிடும். டிரிபிள் செவன்ங்கிற இன்னொரு பவுடர் வேகமானது, கன அளவுல 15 சதவீதம் குறைக்கணும், அதாவது 30க்கு 25, அதை ரொம்ப அமுக்கவும் கூடாது, அதோட ரவையும் வேண்டாம். புகையில்லாத நவீன பவுடர் ஒரு சிட்டிகை கூட உள்ள போகக் கூடாது, போனா துப்பாக்கியோட கையும் போகும்.

இதுக்கப்புறம் எந்த அளவு நல்லதுன்னு குறி வச்சு சுடுற பேப்பர்தான் சொல்லணும். 25 கெஜத்துல, துப்பாக்கியை ஒரு தாங்கி மேல வச்சு, ஸ்டீல் ஃப்ரேம் .44னா 20 கிரெய்ன்ல ஒரு சிலிண்டர், அப்புறம் மேல சொன்ன அளவைத் தாண்டாம ரெண்டு ரெண்டா ஏத்திக்கிட்டே போங்க. பொதுவா ஒரு இடத்துல ஓட்டைகள் கூட்டமா சேரும், அதைத் தாண்டினா சிதற ஆரம்பிக்கும், சத்தமும் புகையும் மட்டும்தான் கூடும். கோல்ட்ல முன் சைட் தாழ்வா இருக்குறதால 25 கெஜத்துல குண்டு மேல போய் அடிக்கும், அதைப் பாத்து அளவு தப்புன்னு நினைக்காதீங்க, கூட்டமா விழுதான்னு மட்டும் பாருங்க.

கம்மி மருந்துல பவர் பத்தாதேன்னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், 1865 ஜூலைல மிசௌரி ஸ்பிரிங்ஃபீல்டுல துப்பாக்கிச் சண்டைக்குப் பேர் போன வைல்ட் பில் ஹிக்காக் தன் எதிராளி டேவிஸ் டட்டை சுட்டுக் கொன்னது சுமார் 75 கெஜத்துல, சின்ன காலிபர் ரிவால்வர்ல. நாம சுடப் போறது அட்டை.

கடைசியா, அளவு அமைஞ்சதும் நோட்ல எழுதும்போது பவுடர் பிராண்டையும் சேத்து எழுதுங்க. கோயெக்ஸ்ல 24ன்னு அமைஞ்சா ஸ்விஸ்ல அதே 24 இன்னும் வேகமா தள்ளும், டப்பா மாறினா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிங்க.