மக்ஸ்வீனி குடும்பக் கடிதங்களைப் படிக்கப் போகிறவர்களுக்கு

அயர்லாந்து விடுதலைப் போராளியும் அங்குள்ள கார்க் நகர மேயருமான டெரன்ஸ் மக்ஸ்வீனி, 74 நாள் உண்ணாவிரதத்துக்குப் பின் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் 25 அக்டோபர் 1920 அன்று இறந்தார். அவர் தாள்களும் அக்கா மேரியின் தாள்களும் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தொகுப்பு எண், மேரிக்கு பி48ஏ (P48a), டெரன்ஸுக்கு பி48பி (P48b). இரண்டையும் சேர்த்தே பாருங்கள். ஒரு தொகுப்பில் உள்ள கடிதத்துக்கான பின்னணி இன்னொன்றில் கிடைக்கலாம்.

பெரிய தலைவலி தேதிதான். "செவ்வாய், மாலை" என்று மட்டும் எழுதியிருந்தால் முதலில் உறையின் அஞ்சல் முத்திரையைத் தேடுங்கள். உறை இல்லையா? சிறையை வைத்துக் குறுக்குங்கள். அயர்லாந்து உள்நாட்டுப் போரில் சிறைப்பட்ட மேரி நவம்பர் 1922-இல் டப்ளின் மவுண்ட்ஜாய் சிறையில் 24 நாள் பட்டினி கிடந்தார், 1923-இல் அதே நகரின் கில்மைனம் சிறையில் மறுபடியும். மவுண்ட்ஜாய் வாசலில் தங்கை ஆனியும் பட்டினி இருந்தார். அந்த விவரம் கடிதத்தில் வந்தால் பாதி வேலை முடிந்தது.

அதிகாரபூர்வமாக வந்த கடிதமா, கடத்தி வந்ததா என்பதையும் பிரித்துப் பாருங்கள். தணிக்கையாளர் படிப்பார் என்று தெரிந்து எழுதியதில் "நலமாக இருக்கிறேன்" என்பதை மருத்துவச் சான்றாக எடுத்துக்கொள்வது அபத்தம். என்னைக் கேட்டால், அதில் எதை எழுதாமல் விட்டார்கள் என்பதுதான் முக்கியம்.

வீட்டில் இப்படிப் பழைய கடிதங்கள் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப்பும் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். இரும்பு மை (இரும்பு உப்பு கலந்த பழைய எழுத்து மை) மடிப்பில் தாளை அரித்திருந்தால் விரித்து அழுத்தவும் வேண்டாம். எண் போட மெல்லிய பென்சில் போதும்.